சாலையில் ஒரு உயிர் போனால்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. நாகர்கோவிலில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறை வாசலிலும் நீதிமன்ற வராந்தாவிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் இறந்தவர் வீட்டாரும் உண்டு, வண்டி ஓட்டியவர் வீட்டாரும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்.

“ஆக்சிடென்ட்தானே? வேணும்னு செய்யலையே. இதுக்கும் தண்டனை உண்டா?”

உண்டு. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அது வேறு குற்றம். எண்ணமே இல்லாமல், முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டியதால் ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். 1.7.2024-க்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவுதான் பொருந்தும். அதில் உச்சத் தண்டனை 2 ஆண்டு.

ஆபத்து என்று தெரிந்தே துணிவது முரட்டுத்தனம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவில் பஸ்சை முந்துவது அப்படிப்பட்டது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவது கவனக்குறைவு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாட்ஸப் பார்ப்பது அந்த வகை. வெறும் வேகம் மட்டும் போதாது. “அதிவேகமாக வந்தான்” என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. எந்த இடத்தில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு நெரிசலில் அந்த வேகம் என்பதைக் காட்ட வேண்டும்.

“வேணும்னு செய்யலை” என்பது உண்மைதான். ஆனால் வளைவில் முந்தியது வேண்டும் என்றே செய்தது. போனை எடுத்ததும் அப்படித்தான். சாவு மட்டும்தான் அவர் நினைக்காமல் வந்தது. இதை ஓட்டியவர் வீட்டாரிடம் சொல்லும்போது எனக்கும் வலிக்கும். சொல்லாமல் விட்டால் அடுத்து எதைப் பேசினாலும் பொய்யாகிவிடும்.

“மறுநாளே ஜாமீன்ல வீட்டுக்கு வந்துட்டான். போலீஸ் காசு வாங்கிட்டாங்களா?”

106(1) ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை, அதற்கு யாரும் காசு வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தமும் இல்லை. தெருமுனையில் அந்த முகத்தைப் பார்க்கிற வீட்டுக்கு இந்த விளக்கம் ஆறுதல் தராது என்பது எனக்குத் தெரியும்.

“இடிச்சுட்டு நிக்காம போயிட்டான். இதுக்குப் பத்து வருஷம்னு கேள்விப்பட்டோமே?”

106(2) என்று ஒரு பிரிவு எழுதப்பட்டது. மோதிவிட்டு, காவல் துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரி ஓட்டுநர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1.7.2024 அன்று மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இதை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதனால் ஓடிப்போனவர் மீதும் 106(1)-தான். கூடவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு இருக்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநரின் இந்தக் கடமைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

ஓடுவதால் என்ன ஆகும் என்பதை நான் கூடவே இருந்து பார்த்த ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன். குலசேகரம் பக்கம், அதிகாலை 4 மணி. 38 வயது ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறார். முந்திய நாள் கல்யாண வீட்டு விருந்து முடிந்து திரும்பிய கார் ஒன்று பின்னால் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அடுத்து பால் வெட்டப் போனவர்கள்தான் பார்த்தார்கள். ஓடைக்குள் ஏதோ வெளிச்சம் தெரிகிறதே என்று இறங்கியிருக்கிறார்கள். அவர் தலை லைட் எரிந்துகொண்டே இருந்தது. ஆள் மோதிய உடனே சாகவில்லை, கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கிறது என்றார் போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர். இரண்டு நாள் கழித்து ஒரு பெட்ரோல் பங்க் கேமராவை வைத்துக் காரைப் பிடித்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தாரா? இரண்டு நாள் கழித்து ரத்தம் எதைச் சொல்லும்? அந்தக் கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது.

“நின்னா ஊர்க்காரங்க அடிச்சுக் கொன்னுருவாங்களே?”

அந்தப் பயம் நியாயமானது, சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறது. கூட்டத்தின் கோபத்தால் உதவ முடியாமல் போனால் அது 134-ன்படி குற்றமாகாது. நேரே பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஏன் நிற்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போகும் வழியிலேயே 108-க்கு ஒரு போன் போடலாம். பயந்து ஸ்டேஷனுக்குப் போவதும், பயந்து வீட்டுக்குப் போய் காரைத் தார்ப்பாய் போட்டு மூடுவதும் ஒன்றல்ல. அதிகாலை 4 மணிக்கு அந்த ரப்பர் தோட்ட ஓரத்தில் அடிக்க எந்த ஊரும் இல்லை.

“அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போனா நம்ம மேல கேஸ் வருமா?”

வராது. நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்கு 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பெயர், விலாசம்கூடக் கட்டாயமில்லை. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரி உட்பட. ‘முதல்ல பணம் கட்டுங்க’ என்று கேட்டால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

“குடிச்சுட்டு ஓட்டினாலும் அதே அஞ்சு வருஷம்தானா?”

அப்படி இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் யார் மீதும் மோதாவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் குற்றம்: முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆள் இறந்து, இப்படி ஓட்டினால் உயிர் போகும் என்று ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால், கொலையாகாத மரணக் குற்றமாக, அதாவது நியாய சன்ஹிதாவின் 105-வது பிரிவில், 10 ஆண்டு வரை போகலாம்.

மும்பையில் 2006 நவம்பரில் குடித்துவிட்டு ஓட்டப்பட்ட கார் நடைபாதையில் தூங்கிய கட்டுமானத் தொழிலாளர்கள் மீது ஏறி 7 பேர் இறந்தார்கள். அலிஸ்டர் பெரேரா வழக்கு என்பார்கள். அதில் பழைய சட்டத்தின் 304 இரண்டாம் பகுதி (இன்றைய 105-க்கு இணையானது) பொருந்தும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனை 3 ஆண்டு. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ‘குடித்திருந்தேன், தெரியாமல் நடந்துவிட்டது’ என்ற வாதத்துக்கு அந்தத் தீர்ப்புதான் கதவை அடைத்தது. இறந்தவர் வீட்டார் முதல் நாளே கேட்க வேண்டியது ஒன்று: ஓட்டியவருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா?

“முதல் வாரத்தில் நாங்க என்ன செய்யணும்? யாருக்கும் தலை கால் புரியலை.”

எப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அது இலவசம். வாங்கி, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படியுங்கள். யார் முதலில் ஸ்டேஷனுக்குப் போகிறாரோ அவர் சொன்ன கதைதான் பல நேரம் எப்.ஐ.ஆரில் நிற்கும். ‘இறந்தவர் குறுக்கே வந்துவிட்டார்’ என்று அதில் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் மறுப்புக் கொடுத்து, ரசீது கேளுங்கள்.

அடுத்தது கேமரா. கடை, பங்க், சர்ச், கோயில் எங்கே கேமரா இருந்தாலும் பதிவு சில நாளிலேயே தானாக அழிந்து புதியது ஏறிவிடும். பதினாறு அடியந்திரம் முடியட்டும் என்று காத்திருந்து ஆதாரத்தை இழந்த வீடுகளை நான் அறிவேன். துக்க வீட்டிலிருந்து ஒரு தம்பியோ மச்சானோ கிளம்பிப் போய்க் கடைக்காரரிடம் “அழிச்சிராதீங்க அண்ணாச்சி” என்று சொல்லி, எந்தெந்தக் கேமரா என்று பட்டியல் எழுதி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்திருந்தால், காயத்துக்கான பிரிவை மரணத்துக்கான பிரிவாக மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

“நஷ்டஈடு எப்படிக் கணக்குப் போடுவாங்க? அவருக்கு சம்பளச் சீட்டே கிடையாதே.”

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்தான் இங்கே அதிகம். பால் வெட்டுகிறவர், கொத்தனார், கடலுக்குப் போகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர். சீட்டு இல்லை என்பதற்காக நஷ்டஈட்டை முடிவு செய்யும் எந்த விபத்துத் தீர்ப்பாயமும் திருப்பி அனுப்பாது. அந்த ரப்பர் தொழிலாளிக்கு நாங்கள் தோட்டக்காரரின் கணக்கு நோட்டைப் பிடித்தோம். எத்தனை மரம் வெட்டினார், எவ்வளவு வாங்கினார் என்று வாராவாரம் அதில் இருந்தது. மழைக் காலத்தில் வெட்டு இல்லாத நாட்களுக்குக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடுகளால்தான் நோட்டு உண்மையானது என்று எல்லோரும் நம்பினார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகள் கணக்கு முறையை நிலைப்படுத்தியிருக்கின்றன. மாத வருமானம் 15,000 என்று வைப்போம். 40 வயதுக்குள், சொந்தத் தொழில் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒன்று கழியும்: 15,750. ஆண்டுக்கு 1,89,000. 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கு எண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். இதன்மேல் இறுதிச் சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை முதலியவை சேரும். ஏஜெண்டு யாராவது வீட்டுக்கு வந்து “மூணு லட்சம் வாங்கித் தாரேன்” என்றால், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

நஷ்டஈட்டு மனுவைத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போடுங்கள். நம் ஊர் ஆள் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போய் அங்கே அடிபட்டு இறந்திருந்தாலும், குடும்பம் இருக்கிற இடம் இங்கே என்றால் இங்கேயே மனு போடலாம். களியக்காவிளை தாண்டி அலைய வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

“எந்த வண்டின்னே தெரியலைன்னா?”

161-வது பிரிவின்படி இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். பின்னால் வண்டி பிடிபட்டு முழு நஷ்டஈடு கிடைத்தால் இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

“பையனுக்குப் பதினாறு வயசு. அப்பா பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். யார் பொறுப்பு?”

அப்பா. 199-ஏ பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றேன் என்று அப்பாதான் நிரூபிக்க வேண்டும். பையன் தினமும் அந்தப் பைக்கில் டியூஷன் போனதைத் தெருவே பார்த்திருந்தால் அதை எப்படி நிரூபிப்பார்?

பணச் சுமை இதைவிடப் பெரிது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு வருவது வழக்கம். இறந்தவர் வீட்டுக்குப் பணம் போய்ச் சேரும், அப்பாவின் வீடு ஜப்திக்கு வரும். சாவியை ஆணியில் மாட்டுகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

“வண்டியை வித்துட்டேன். ஆர்.சி. மாத்தலை, அவ்வளவுதான்.”

அப்படியென்றால் பொறுப்பு உங்களுடையதுதான். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று கை மாறிய பைக் எங்கோ ஆளை இடித்து, நோட்டீஸ் மட்டும் முதல் ஆளின் வீட்டுக்கு வரும். இன்றைக்கே பெயர் மாற்றுங்கள்.

“டாரஸ் லாரி மோதினா டிரைவரை மட்டும்தானே பிடிக்கிறாங்க?”

இந்த மாவட்டத்தில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரிகளைப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. சட்டப்படி மரண வழக்கில் முதல் குற்றவாளி ஓட்டியவர்தான். அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதற்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என 194-வது பிரிவு சொல்கிறது. ஓட்டுநரை மட்டும் அல்ல, ஓட்ட வைத்தவரையும் அது பிடிக்கும்.

பாரம் கூடினால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எத்தனை ட்ரிப் அடிக்கிறார் என்பதை வைத்துக் கூலி என்றால் டிரைவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். இரண்டையும் முடிவு செய்கிறவர் லாரியில் இருப்பதில்லை, ஆபீசில் இருக்கிறார். தூக்கம் இல்லாமல் மூன்றாவது ட்ரிப் ஓட்டிய 24 வயதுப் பையன் கூண்டில் நிற்கும்போது, அவனை அனுப்பியவர் பெயர் உரிமையாளர் என்ற அளவில் நஷ்டஈட்டு வழக்கில் மட்டும் வருகிறது. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. எடைச் சீட்டு, ட்ரிப் ஷீட், ஜி.பி.எஸ். பதிவு மூன்றையும் கைப்பற்றச் சொல்லி முதல் வாரத்திலேயே விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள். கேட்காவிட்டால் அவை வழக்குக்குள் வருவதே இல்லை.

“ஹெல்மெட் போடலை, அதனால ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்றாங்க.”

தவறு. இறந்தவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் நஷ்டஈட்டில் ஒரு பகுதி குறையலாம், முழுதும் போகாது. பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் குறைக்கவும் கூடாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020-ல் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் முழுத் தவறும் இறந்தவருடையதே என்றால் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் அவர் குடும்பம் கேட்க முடியாது. அவர் உரிமையாளர், லைசென்ஸ் உண்டு, பாலிசியில் சொந்த விபத்துக் காப்பும் எடுத்திருக்கிறார் என்றால் 15 லட்சம் வரை கேட்கலாம். பாலிசியைத் தேடி எடுங்கள்.

“ஊர்ப் பெரியவங்க வச்சுச் சமாதானம் பேசி முடிச்சா கேஸ் வாபஸ் ஆகுமா?”

ஆகாது. 106(1) இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. லோக் அதாலத்தில் முடிக்கலாம் என்பது நஷ்டஈட்டு வழக்கை மட்டும். பங்குத் தந்தையோ கோயில் கமிட்டியோ ஜமாத்தோ நல்ல மனதோடுதான் உட்கார வைப்பார்கள். ஆபத்து கையெழுத்தில் இருக்கிறது. முத்திரைத்தாளில் நாலு வரிக்கு நடுவே ‘இறந்தவர் கவனக்குறைவாகக் குறுக்கே வந்ததால்’ என்று ஒரு வரி இருக்கும். ஐம்பதாயிரத்துக்கு அந்த வரியில் கையெழுத்துப் போட்ட ஒரு அக்காவுக்கு, பிறகு தீர்ப்பாயத்தில் அந்தத் தாளே எதிரியாக வந்து நின்றது. அடக்கச் செலவுக்குக் கொடுத்தால் வாங்குங்கள். தாளில் எதுவும் எழுதாதீர்கள்.

“இன்சூரன்ஸ் பணம் கொடுத்தாச்சு, அபராதம் கட்டியாச்சு. இன்னும் நான் என்ன செய்யணும்? அந்த வீட்டுக்குப் போகலாமா?”

இதைக் கேட்கிற ஓட்டுநர்கள் குறைவு. கேட்பவர்களிடம் நான் நெடுநேரம் பேசுவேன்.

வழக்கு நடக்கும்போது உங்கள் வக்கீலைக் கேட்காமல் போகாதீர்கள். போனாலும் சாட்சிகளிடம் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள், பணத்தோடு போகாதீர்கள், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டார் வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மன்னிப்பு உங்களுக்கு வர வேண்டிய பாக்கி அல்ல.

குலசேகரம் வழக்கில் கார் ஓட்டிய பையன் ஒரு நாள் இறந்தவர் வீட்டுக்குப் போனான். வீட்டார் என்னிடம் முன்பே சொல்லியிருந்ததால் நானும் திண்ணையில் இருந்தேன். “எங்க நேரம், விதி” என்று கூட வந்த சித்தப்பா ஆரம்பித்தார். இறந்தவரின் தாய் அவரைப் பார்க்கவே இல்லை. பையனைப் பார்த்து, “கடசீல அவன் எதாவது சொன்னானா மக்களே?” என்று கேட்டார். தண்ணி கேட்டானா, பிள்ளைகள் பேரைச் சொன்னானா என்றும் கேட்டார். பையனிடம் சொல்ல எதுவும் இல்லை. அவன் நிற்கவே இல்லையே. இன்சூரன்ஸ் கம்பெனி 28 லட்சமும் கொடுக்கலாம், இந்த ஒரு கேள்விக்கு விடை கொடுக்க முடியாது. நின்றிருந்தால் உயிர் பிழைத்திருக்குமா என்பது டாக்டர்களின் பேச்சு. நின்றிருந்தால் அந்த அம்மைக்கு ஒரு விடை இருந்திருக்கும்.

ஆகவே நீங்கள் தர வேண்டியது நடந்ததை நடந்தபடி சொல்வது. ஸ்டேஷனில், கோர்ட்டில், என்றைக்காவது அவர்கள் கேட்டால் அந்த வீட்டில். போன் பார்த்திருந்தால் பார்த்தேன் என்று. சட்டப்படி உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அது உங்கள் உரிமை. ஆனால் ‘அவர்தான் குறுக்கே வந்தார்’ என்று பொய் சொல்ல எந்த உரிமையும் இல்லை. இறந்தவர் வந்து மறுக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்லப்படுகிற பொய் அது.

“அவரோட சாமான் எல்லாம் ஸ்டேஷன்ல இருக்கு. எப்போ கிடைக்கும்?”

வண்டி, போன், பர்ஸ் போன்றவை வழக்குச் சொத்தாக நீதிமன்றக் கணக்கில் இருக்கும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு எந்த மாஜிஸ்திரேட் முன் இருக்கிறதோ அங்கே, பத்மநாபபுரமோ குழித்துறையோ இரணியலோ நாகர்கோவிலோ, இடைக்காலமாகத் திருப்பித் தரக் கேட்டு மனு போடலாம். புகைப்படம் எடுத்து, பட்டியல் எழுதி, உறுதிமொழி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.

அந்த வீட்டார் சைக்கிளைக் கேட்கவில்லை. தலை லைட்டை மட்டும் கேட்டார்கள். பட்டை அறுந்து, கண்ணாடி ஓரமாக விரிந்திருந்தது. சார்ஜ் போட்டதும் எரிந்தது. இப்போது அவருடைய தம்பி அதைக் கட்டிக்கொண்டுதான் அதே தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறார்.